என்ஜிஎஃப் போட்டும் டி.ஆர்.ஜி. செல்கள் மூன்றாம் நாளே சாகின்றன, ஏன்?

கேள்வி:
15 நாள் எலிக் கருவிலிருந்து முதுகுவேர் நரம்பு முடிச்சுகளை (டி.ஆர்.ஜி.) எடுத்து, டிரிப்சினில் பிரித்து, நியூரோபேசல், பி27 மீடியத்தில் வளர்க்கிறோம். நரம்பு வளர்ச்சிக் காரணி (என்ஜிஎஃப்) மில்லிக்கு 50 நானோகிராம். முதல் நாள் ஆக்ஸான்கள் நன்றாக நீள்கின்றன. மூன்றாம் நாள் அவை பாசிமணி கோத்தது போலாகி, செல்லும் சுருங்கிவிடுகிறது. பெரிய செல்களோ தொடக்கத்திலிருந்தே குறைவு. என்ஜிஎஃப்பை 200 ஆக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். 50 என்பது சுமார் 2 நானோமோலார். செல்லில் என்ஜிஎஃப்பைப் பிடிக்கும் டிரக்-ஏ ஏற்பிக்கு அதுவே தாராளம். போட்ட மருந்து செல்லுக்குப் போய்ச் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர்த்த கரைசலில் என்ஜிஎஃப் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் இருப்பதாக எழுதியிருக்கும், மீடியத்தில் இருக்காது. இந்த வயதுச் செல்லுக்கு டிரக்-ஏ சமிக்ஞை நின்றால் செல்லைப் பிழைக்க வைக்கும் ஏகேடி அடங்கி, சாவைத் தூண்டும் சி-ஜூன் ஏறி, பாக்ஸ் புரதம் வழியாக, செல்லை அழிக்கும் கேஸ்பேஸ்-3 நொதி வரை போய்விடும். ஓரிரு நாளில் கதை முடிந்தது. ஆக்ஸான்தான் முதலில் மணிமணியாகும்.

இன்னொன்று: செல் ஒட்டுவதற்காகத் தட்டில் பூசும் பாலி-டி-லைசினை மூன்று முறை கழுவாவிட்டால் அதுவே விஷம். ஆனால் அப்படியென்றால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பதில் 2:
பெரிய செல்கள் விஷயம் வேறு. என்ஜிஎஃப் காப்பாற்றுவது பெரும்பாலும் வலியும் வெப்பமும் அறியும் சிறிய செல்களை. தசையின் நிலையை உணரும் பெரிய செல்களில் இருப்பது டிரக்-சி. அவற்றுக்கு என்ஜிஎஃப்பின் உறவுக் காரணியான என்டி-3 வேண்டும். தொடு உணர்வுச் செல்களில் ஒரு பகுதி டிரக்-பி வழியாக பிடிஎன்எஃப் என்ற இன்னொரு உறவுக் காரணியைக் கேட்கும். மனிதரிலும் இந்தப் பிரிவினை தெரிகிறது: டிரக்-ஏ மரபணு பழுதான பிள்ளைகளுக்கு வலி தெரியாது, வியர்க்காது, தொடு உணர்வு பெரும்பாலும் இருக்கும். பெரிய செல்கள் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே என்டி-3 மில்லிக்கு 10 நானோகிராம் சேருங்கள். வலி ஆய்வு என்றால் சேர்க்காதீர்கள், கலவையாகிவிடும்.

கேட்டவர்:
என்ஜிஎஃப்பை வெறும் பிபிஎஸ்ஸில் (உப்புத் தாங்கல் கரைசல்) மில்லிக்கு 1 மைக்ரோகிராமாகக் கரைத்து 4 டிகிரியில் வைத்திருந்தோம். வளர்ந்த எலியின் செல்கள் அதே குழாயின் என்ஜிஎஃப்பில் நன்றாகத்தானே பிழைத்தன?

பதில் 1:
அந்தக் குழாயைக் கொட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டாமல் தடுக்க 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ்ஸில் மில்லிக்கு 100 மைக்ரோகிராமாகக் கரைத்து, 10 மைக்ரோலிட்டர் பங்குகளாக மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. இரண்டு நாளுக்கொருமுறை பாதி மீடியத்தை மாற்றினால் போதும். முழுதும் உறிஞ்சினால் ஆக்ஸான் வலை உரிந்து வந்துவிடும். பழைய குழாய், புதுக் குழாய், என்ஜிஎஃப் எதிர் ஆன்டிபாடி என வளர்ப்புத் தட்டில் மூன்று கிணறு (குழி) வைத்துப் பாருங்கள். பழைய குழாயும் ஆன்டிபாடிக் கிணறும் ஒரே மாதிரி செத்து, புதுக் குழாய் பிழைத்தால் பழைய குழாயில்தான் கோளாறு, சந்தேகமே இல்லை.

பதில் 3:
வளர்ந்த எலியை வைத்துக் குழாயைச் சோதிக்க முடியாது. பிறந்தபின் அந்தச் செல்களுக்கு உயிர்வாழ என்ஜிஎஃப் தேவையில்லாமல் போகிறது. ஒரு பிரிவு டிரக்-ஏவை விட்டு ரெட் ஏற்பிக்கு மாறி ஜிடிஎன்எஃப் என்ற வேறு காரணியின் பக்கம் போய்விடும். என்ஜிஎஃப் இல்லாவிட்டால் சாகாது. வலிச் செய்தியைக் கடத்தும் பெப்டைடுகளான சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பி அளவுதான் இறங்கும். உயிரோடிருப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்ததாக எண்ணிவிடுவீர்கள்.