பத்திரத்தில் 'வீடு மட்டும்' என்றிருந்தால் பட்டறை போடக் கூடாதா?

நாகமலைவாசி:
நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் மனைப்பிரிவு. புரமோட்டர் எழுதிக் கொடுத்த எல்லாக் கிரையப் பத்திரத்திலும் ஒரு வரி உண்டு: 'மேற்படி மனையில் குடியிருப்பு வீடு தவிர வேறெதுவும் கட்டக் கூடாது.' இப்போது பக்கத்து மனையைக் கைமாற்றி வாங்கியவர் வெல்டிங் பட்டறைக்கு ஷெட் போடுகிறார். எங்கள் காம்பவுண்டை ஒட்டி இரும்புத் தூண் நட்டாயிற்று. கிரைண்டர் பொறி துணிக்கொடி வரை வந்து விழுகிறது. கேட்டால், 'எனக்கு விற்றவர் ஒத்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய' என்கிறார். தடுக்க வழியுண்டா?

திருநகர் தம்பி:
இல்லை அண்ணே. முழுக்கிரயம் கொடுத்த பிறகு, நிலத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விற்றவர் கட்டளை போட முடியாது. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 11. கடன் வாங்கி மனை வாங்கியவர் அதில் தொழில் செய்து பிழைக்கக் கூடாதா?

தாய்ப்பத்திரம்:
தம்பி, பிரிவு 11ஐப் பாதியில் மூடிவிட்டீர்கள். விற்றவருக்கு வேறு நிலம் இருந்து, அதன் நல்ல அனுபவத்துக்காகப் போட்ட நிபந்தனை என்றால் நிற்கும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடுத்து பிரிவு 40. நிபந்தனை தெரிந்து வாங்கியவரையும் இனாமாகப் பெற்றவரையும் அது கட்டுப்படுத்தும். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முன்பத்திரம் பதிவாகியிருக்கும்போது தெரியாது என்று சொல்லித் தப்புவது கஷ்டம். 1848இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்ட வழக்கிலும் இதே கதைதான். கட்டடம் கூடாது என்ற நிபந்தனை தெரிந்தே வாங்கியவரைக் கோர்ட் தடுத்தது.

திருநகர் தம்பி:
சரி, புரமோட்டருக்கு இப்போது அங்கே ஒரு சென்ட் கூட இல்லையே! யாருடைய நன்மைக்கு இந்த நிபந்தனை? அதோடு, அந்தத் தெருவில் மாவு மில் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது சும்மா இருந்துவிட்டு இவரை மட்டும் மறிப்பது நியாயமே இல்லை.

தாய்ப்பத்திரம்:
பிரிவு 40 விற்றவர், வாங்கியவர் அல்லாத மூன்றாம் நபரின் நிலத்தையும் பேசுகிறது. எல்லா மனைக்காரர்களின் நன்மைக்கும் போட்ட நிபந்தனை என்று அண்ணன் காட்ட வேண்டும். அதுதான் வழக்கின் உயிர். மில் விஷயம் நல்ல கேள்வி. மீறலைப் பார்த்துக்கொண்டே சம்மதித்து இருந்தவருக்குத் தடை உத்தரவு மறுக்கப்படலாம் என்று 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் பிரிவு 41 சொல்கிறது. அண்ணே, கூரை ஏறுவதற்குள் சிவில் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேளுங்கள். கட்டட அனுமதி வேறு, இது வேறு. பத்திர நிபந்தனைக்காக ஊராட்சி வந்து நிறுத்தாது.

நாகமலைவாசி:
மாவு மில் எங்கள் மனைப்பிரிவில் இல்லை, வேறு சர்வே எண். வில்லங்கச் சான்றும் முன்பத்திர நகலும் நாளைக்கே கேட்டு எழுதிக் கொடுக்கிறேன்.

திருநகர் தம்பி:
வாங்குங்கள் அண்ணே. ஆனால் வழக்குக்கு முன்னால் அவரிடம் அந்த வரியைக் காட்டி ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தூணுக்கே அவர் நிறையச் செலவழித்திருப்பார்.