ஹைவே பயம்: பக்கத்து சீட்டுக்கு ஆள் தேவை

நண்பர்களே, லைசென்ஸ் இருந்தும் மதுரை–ராமேஸ்வரம் ரோட்டில் ஏறப் பயப்படுகிறவர்களுக்குத் துணையாக உட்கார, நிதானமான ஓட்டுநர்கள் வேண்டும். ஞாயிறு காலை 6 மணி, உச்சிப்புளி–மண்டபம். கத்துகிற ஆட்கள் தயவுசெய்து வேண்டாம்.

முதல் 2 வாரம் 60-க்கு மேல் போகக்கூடாது. அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் ஓடும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து 3 நொடி கழித்தே நாம் அதைத் தொட வேண்டும். சுமார் 50 மீட்டர் இடைவெளி. பயந்தவர்கள் பானெட் நுனியையே பார்ப்பார்கள், ஸ்டியரிங் ஆடுவது அதனால்தான். தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கை தானாக நேராகும்.

பாம்பன் பாலம் கடைசியில்தான். ராமேஸ்வரம் போகையில் தெற்குக் காற்று அடித்தால், எதிரே வரும் பஸ் அதை ஒரு கணம் மறைக்கும். பஸ் கடந்ததும் பளாரென்று வண்டியை இடப்பக்கம் தள்ளும். பதறி ஒடிப்பதுதான் ஆபத்து. 40-ல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் போதும். ரயில் பார்க்க நடுப்பாலத்தில் நிறுத்துகிறவர்கள் வேறு!

தனுஷ்கோடி ரோட்டில் மணல் எங்கே ஏறிக் கிடக்கிறது? இந்த வாரம் போனவர்கள் சொல்லுங்கள். மணலில் பிரேக் அடித்தால் சறுக்கும். துணைக்கு வருகிறவர்கள் எந்த ஞாயிறு என்று கீழே போடுங்கள்.