மாண்டரின் தொடக்க நிலைக்கு எதை வாங்கலாம்?

நண்பர்களே, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மாண்டரின் என்னும் சீன மொழியைப் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு செயலியில் பாடங்களை வேகமாக முடித்துக்கொண்டே வருகிறேன். வாயைத் திறந்தால் ஒன்றும் தேறவில்லை. போன வாரம் பழக்கடையில் 'ஆரஞ்சு வாங்க வேண்டும்' என்பதற்கு 'விற்க வேண்டும்' என்று சொல்லிவிட்டேன். இரண்டுமே 'மாய்'தான்; குரலின் ஏற்ற இறக்கமான தொனிதான் பொருளை மாற்றுகிறது: மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. கடைக்கார அம்மா என் வெறும் பையை எட்டிப் பார்த்தார்!

சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யினும் ஏமாற்றுகிறது. ஆங்கில 'ஜி' இருந்தால் அது நம் 'கல்'லில் வரும் க. 'கே' இருந்தால் அதே க-வை மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துப் பழகுகிறேன்.

அகராதிக்குப் பிளெகோ செயலி இருக்கிறது, அது போதும். தொனிகளைப் பொறுமையாகக் கேட்டுப் பழக, ஒலிப்பதிவுடன் கூடிய பாடநூல் எது? எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் திறன் தேர்வு எழுதும் எண்ணமில்லை. அதற்கான நூல்கள் வெறும் பேச்சுக்கும் உதவுமா? சீன எழுத்துகளை இப்போதே கையால் எழுதிப் பழக வேண்டுமா? இங்கே எளிதாக்கிய எழுத்துதான் புழக்கத்தில் உள்ளது. ரயிலில் போகும் அரைமணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். தமிழ் வழியாகக் கற்றவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.