அடுப்பு ‘மூட்டுதல்’: வேர்ச்சொல் எது?

கேள்வி (ஏற்காடு):
எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். அடுப்பை ‘மூட்டு’ என்றும், பீடியைப் ‘பற்ற வை’ என்றும், விளக்கை ‘ஏற்று’ என்றும் பெரியவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். விறகுகளை ஒன்றுசேர்த்து அடுக்குவதால்தான் ‘மூட்டு’ என்ற சொல் வந்தது என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியானால் முழங்கை மூட்டும் அடுப்பு மூட்டுவதும் ஒரே சொல்லா?

பதில் 1 (சேலம்):
இல்லை. இணைப்பைக் குறிக்கும் ‘மூட்டு’ வேறு. அடுப்பு மூட்டுவது ‘மூள்’ என்னும் வினையின் பிறவினை. உருள் என்பது உருட்டு என்றும், மிரள் என்பது மிரட்டு என்றும், திரள் என்பது திரட்டு என்றும் ஆவதைப் போலவே, தீ தானாக எழுந்தால் மூண்டது என்கிறோம், நாம் எழுப்பினால் மூட்டினோம் என்கிறோம். போர் மூள்வதும், சண்டை மூட்டிவிடுவதும், கோள் மூட்டுவதும் இதே வினைதான். ஈர விறகுக்கு அடியில் சில்வர் ஓக் சருகைத் திணித்து, புகை கண்ணைக் கரிக்கக் கரிக்க ஊதாங்குழலால் ஊதி, தணல் தழலாகும் வரை விடாமல் கவனிக்கிறோமே, அந்த உழைப்பு முழுவதும் இந்தச் சொல்லில் இருக்கிறது. பீடிக்கு அது தேவையில்லை என்பதால் பெரியவர்கள் பிரித்துச் சொல்வது மிகச் சரி.

பதில் 2 (சேலம்):
பற்றுதலும் கொள்ளுதலும் பிடித்துக்கொள்வதைக் குறிப்பவை. ‘பற்ற வை’, ‘கொளுத்து’, ‘கொள்ளி’ ஆகியவை அவற்றிலிருந்து வந்தன. மலையாளத்தில் விளக்கையே கொளுத்துகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே நெருப்பு இருந்தாக வேண்டும். நெருப்பே இல்லாத இடத்தில் அதைப் பிறப்பிக்கும் வினை ‘ஞெலி’, அதாவது கோலைக் கடைந்து தீ உண்டாக்குதல். நம் பக்கத்துத் தகடூரை, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் புறநானூற்றின் 315ஆம் பாடலில் ‘இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்’ என்கிறார். வீட்டுக் கூரையின் தாழ்ந்த ஓரத்தில் செருகிய தீக்கடைகோல் போல அடங்கியிருக்கவும் வல்லவன், அதிலிருந்து கிளம்பும் பெருந்தீயைப் போலத் தோன்றவும் வல்லவன் என்பது பொருள். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஞெலிகோலால் கடைந்த தீயைக் கொண்டே குழலுக்குத் துளையிடுகிறான். இத்தனை அருமையான வினை பேச்சிலிருந்து மறைந்துபோனது எனக்குப் பெரிய வருத்தம்.

பதில் 3 (சேலம், செவ்வாய்ப்பேட்டை):
வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு ஒரு சொல். தெலுங்கில் தீயைப் பற்ற வைப்பதைக் குறிக்கும் ‘முட்டிஞ்சு’ என்பது தொடுதலைக் குறிக்கும் ‘முட்டு’விலிருந்து வந்தது. ஒலி நெருங்கியிருக்கிறது என்பதற்காக அதைத் தமிழ் ‘மூட்டு’டன் சேர்த்துவிட வேண்டாம்.