1806: வேலூரை உலகப் பக்கத்தில் வைக்கலாமா?

அல்சூர் வாசகி கேட்கிறார்:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாரும் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டோடு சரி. இந்த முறை அவர்களைக் கொண்டு ஒரு கையெழுத்து இதழ் தயாரிக்கிறோம். அதில் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் உலகம் முழுவதும் என்ன நடந்தது என்று எழுத நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

நான் 1806 என்றேன். காரணம் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி ஊர் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம்தான். விடுமுறைக்குப் போகும்போது காட்பாடியில் இறங்குகிறார்கள், கோட்டை அகழியைப் பார்க்கிறார்கள், ஜலகண்டேசுவரரைக் கும்பிடுகிறார்கள். அந்தக் கோட்டைக்குள் ஜூலை 10 விடியற்காலையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மனது ஆறவில்லை.

இதுவரை நான் எடுத்து வைத்தவை இவை: ஜனவரியில் ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைப் பிடித்தது. ஆகஸ்ட் 6-இல் இரண்டாம் பிரான்சிஸ் முடி துறந்து, புனித ரோமானியப் பேரரசு முடிவுக்கு வந்தது. செப்டம்பர் 23-இல் அமெரிக்கப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் பசிபிக் கடல்வரை போய்விட்டு செயின்ட் லூயிஸ் நகருக்குத் திரும்பியது. அக்டோபர் 14-இல் ஜெனாவிலும் ஔவர்ஷ்டெட்டிலும் நெப்போலியன் படை பிரஷ்யாவை முறியடித்தது. நவம்பர் 21-இல் பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக்கூடாது என்று பெர்லினிலிருந்து அவன் ஆணையிட்டது.

ஒரு பிள்ளையின் தகப்பனார், "வேலூர் நம் ஊர்ச் செய்தி, அதை இந்தியா பக்கத்தில் தனியாகப் போடுங்கள். உலகப் பக்கத்தில் நெப்போலியன் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவரிடம் சொல்ல வலுவான காரணம் வேண்டும். இன்னொன்று, சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணமான புதிய தலைப்பாகை விஷயத்தைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? ஒரு தொப்பிக்காகவா இத்தனை உயிர் போயிற்று என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயநகர் பெரியவர்:

டில்லியை விட்டுவிடாதீர்கள் அம்மா. 1806 நவம்பர் 19-இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் காலமானார். 1788-இல் குலாம் காதிர் அவருடைய கண்களைப் பறித்துவிட்டான். 1803 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியில் இருந்தார். அவர் இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் நீங்கள் சொல்லும் பெர்லின் ஆணை வந்தது. பிள்ளைகளுக்குப் படம் வரைய ஏதாவது வேண்டுமென்றால், பெர்லின் பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் இருந்த நான்கு குதிரை ரதத்தை அந்த ஆண்டு நெப்போலியன் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனான். 1814-இல்தான் அது திரும்பி வந்தது. பிள்ளைகள் ஆசையாக வரைவார்கள்.

வேலூர்க்காரன், காக்ஸ்டவுன்:

அம்மா, நான் வேலூரில் பிறந்தவன். பெங்களூரில் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். வேலூரை உலகப் பக்கத்திலேயே வையுங்கள். யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தத் தகப்பனாரிடம் டேவிட் பெயர்டு என்ற ஒருவனுடைய வாழ்க்கையைச் சொல்லுங்கள், போதும். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஒரு கம்பெனிப் படையை அடியோடு அழித்தார்கள். அதில் காயம்பட்டுச் சிக்கிய இளம் அதிகாரி இந்தப் பெயர்டு. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு சிறையில் கிடந்தான். 1799 மே 4 அன்று அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதில் உடைந்தபோது, தாக்குதலுக்குத் தலைமை தாங்கி உள்ளே நுழைந்தவனும் அவன்தான். அன்று திப்பு போர்க்களத்தில் விழுந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து வைத்த இடம் வேலூர்க் கோட்டை.

இனி 1806-க்கு வருவோம். நீங்கள் முதலாவதாக எழுதியிருக்கிறீர்களே, நன்னம்பிக்கை முனை, அங்கே ஜனவரி 8 அன்று பிளாவ்பெர்க் சண்டையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த தளபதி யார்? இதே பெயர்டு. அந்த முனை எதற்கு வேண்டியிருந்தது? இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொள்ளும் இடம் அது. பிரெஞ்சுக்காரர் கைக்கு அது போய்விட்டால் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வழி அடைபடும். ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர், நன்னம்பிக்கை முனை மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் வைத்தால்தான் பொருந்தாது.

அங்கிருந்து இன்னொரு கிளையும் போகிறது. முனையைப் பிடித்த கையோடு, லண்டனிலிருந்து உத்தரவே இல்லாமல், கடற்படைத் தளபதி பாப்பம் கொஞ்சம் படையை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவின் பியூனஸ் அயர்ஸுக்குப் போனான். ஜூன் இறுதியில் நகரத்தைப் பிடித்தார்கள். அங்கே அள்ளிய வெள்ளிப் பணம் செப்டம்பரில் லண்டன் தெருக்களில் வண்டி வண்டியாக ஊர்வலம் போனது. மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் ஆகஸ்ட் 12-ஆம் தேதியே அந்த ஊர் மக்கள் திரண்டு நகரத்தை மீட்டுவிட்டார்கள்! கப்பலில் செய்தி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. கைவிட்டுப் போன ஊருக்காக ஒரு தலைநகரம் வெற்றி விழா கொண்டாடியிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேலூரில் துப்பாக்கி வெடித்ததும் லண்டனுக்கு அன்று தெரியாது, அடுத்த மாதமும் தெரியாது.

தலைப்பாகைக்கு வருகிறேன். 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றியில் நீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை அவர்கள் சொல்லும் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாக ஐரோப்பியத் தொப்பியின் சாயலில் ஒரு புதிய தலைப்பாகை. அதில் தோலால் ஆன குஞ்சம். அந்தக் காலத்தில் தொப்பி போடுகிறவன் என்றாலே வெள்ளைக்காரன், கிறித்தவன் என்று பொருள். தோல் என்றால் மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற அச்சம் இரண்டு மதத்தாருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் பெண் கொடுப்பார்களா, பந்தியில் சேர்த்துக்கொள்வார்களா? சிப்பாயின் கவலை அது.

பிள்ளைகளுக்குத் தொப்பியிலிருந்து தொடங்காதீர்கள். மே மாதத்திலிருந்து தொடங்குங்கள். மே மாதமே வேலூர்ச் சிப்பாய்கள் இதை அணிய மாட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். பதில் என்ன கிடைத்தது? சிலரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகும் எச்சரிக்கை வந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று ஜூன் மாதம் தன் அதிகாரியிடமே போய்ச் சொன்னார். அவருக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு கட்டி அடைத்துவைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குப் பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். சொன்னபோது காது கொடுத்திருந்தால் ஜூலை 10 வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

அன்று நடந்ததை இரண்டு பக்கமும் சொல்லுங்கள். விடியுமுன் சிப்பாய்கள் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 69-ஆவது படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்களைச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஏறக்குறைய 200 ஆங்கிலேயர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். மைசூர் சுல்தான்களின் கொடி ஏறியது. திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். பீரங்கியால் கதவை உடைத்து உள்ளே புகுந்து, நண்பகலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். மகாலுக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களை இழுத்து வந்து சுவரோடு சுவராக நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை வைத்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் அப்படியே எழுத வேண்டியதில்லை, ஆனால் ஒரு பக்கச் சாவை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மல்லேஸ்வரம் மாணவி:

ஐயா எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு கருத்து வேறுபாடு மட்டும் உண்டு, தவறாக நினைக்க வேண்டாம். பெயர்டு, பாப்பம், கில்லெஸ்பி என்று பெயர் கோத்துக்கொண்டு போனால், கடைசியில் ஆங்கிலேய அதிகாரிகளே கதாநாயகர்கள் ஆகிவிடுகிறார்கள். பிள்ளைகள் மனத்தில் நிற்பது குதிரையில் பாய்ந்து வந்த கில்லெஸ்பியாகத்தான் இருக்கும்.

வேலூருக்கு நம் மண்ணிலேயே முன்கதை இருக்கிறது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூனில் சின்ன மருது, வெள்ளையரை எதிர்த்து எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர வேண்டும் என்று திருச்சியில் அறிக்கை ஒட்டச் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்களைச் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இதற்கு ஐந்தே ஆண்டு கழித்துத்தான் வேலூர்.

உலகப் பக்கத்தில் ஹைட்டியையும் சேர்க்க வேண்டும் அக்கா. அடிமைகளாக இருந்தவர்களே பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804-இல் அமைத்த நாடு. அதன் முதல் ஆட்சியாளர் தெசாலின் 1806 அக்டோபர் 17 அன்று தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. ஜெனா சண்டை முடிந்து மூன்றாம் நாள் அது. நெப்போலியனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிட்டு ஹைட்டிக்கு ஒரு வரிகூடக் கொடுக்காவிட்டால் நியாயமாக இருக்காது.

வேலூர்க்காரன், காக்ஸ்டவுன்:

ஹைட்டி கட்டாயம் வேண்டும் தாயே, நன்றாகச் சொன்னாய். மருதுவின் அறிக்கையையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். ஜமேதார் ஷேக் காசிம் போன்று எழுச்சியை நடத்தியவர்களின் பெயரும் வரட்டும்.

ஆனால் அதிகாரிகளின் பெயரை எடுத்துவிடாதே என்பேன். அவர்கள் வீரர்கள் என்பதற்காக அல்ல. தலைப்பாகை ஆணைக்குப் பொறுப்பான தலைமைத் தளபதி கிராடக்கைத் திருப்பி அழைத்தார்கள்; 1811-இல் அதே நன்னம்பிக்கை முனைக்கு ஆளுநராக அனுப்பினார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்கையும் 1807-இல் திருப்பி அழைத்தார்கள். 1828-இல் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். கில்லெஸ்பி 1811-இல் ஜாவாவில் போரிட்டான். அங்கே எதிரே நின்ற டச்சு ஆளுநர் ஜான்சென்ஸ், 1806-இல் நன்னம்பிக்கை முனையைப் பெயர்டிடம் இழந்த அதே மனிதர். 1814-இல் டேராடூன் பக்கத்தில் நாலாபானிக் கோட்டையில் கூர்க்கர்கள் கில்லெஸ்பியைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒரு சின்னக் கூட்டம் இப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் போய் ஆட்சி நடத்தியிருக்கிறது. ஓரிடத்தில் உயிர்களைப் பலிகொடுத்த முடிவுக்கு விலை இன்னோர் இடத்தில் பதவி. சிப்பாய்க்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு யாரும் தரவில்லை. இது தெரிய வேண்டுமானால் பெயர்கள் வேண்டும்.

வாசகி அம்மாவுக்கு ஒரு யோசனை. உலகப் படம் ஒன்றை நடுப்பக்கத்தில் விரித்து, இந்த மூன்று நான்கு பேருடைய பயணத்தை மட்டும் வண்ணக் கோடுகளாகப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். வேலூர், ஸ்ரீரங்கப்பட்டணம், நன்னம்பிக்கை முனை, பியூனஸ் அயர்ஸ், ஜாவா. லூயிஸ், கிளார்க் பயணத்துக்கு ஓரத்தில் இரண்டு வரி போதும். பெயர்டின் கோட்டில் அது சேராது.

அல்சூர் வாசகி:

ஐயாவுக்கும் தங்கைக்கும் பெரியவருக்கும் மிக்க நன்றி. படத்தை நடுப்பக்கத்தில் வைக்கப்போகிறேன். ஹைட்டிக்கும் மருது அறிக்கைக்கும் இடம் ஒதுக்கிவிட்டேன். அந்தத் தகப்பனாரிடம் பொள்ளிலூரிலிருந்து கதையைச் சொன்னேன். அவரே தம் மகனோடு உட்கார்ந்து பெயர்டின் கோட்டை வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்டார்கள். திப்புவின் குடும்பம் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? நம் பெங்களூருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஜெயநகர் பெரியவர்:

வேலூரில் வைத்திருந்தால் ஆபத்து என்று திப்புவின் குடும்பத்தைக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டது. டோலிகஞ்ச் பகுதியில் குடியமர்த்தினார்கள். இளைய மகன் குலாம் முகமது 1842-இல் அந்நகரின் நடுவில் கட்டிய திப்பு சுல்தான் மசூதி இன்றும் தர்மதலாவில் நிற்கிறது.

பெங்களூருக்கு வந்தால், தேவனஹள்ளியில் திப்பு பிறந்த இடத்தையும், சிட்டி மார்க்கெட் பக்கத்தில் அவருடைய மர அரண்மனையையும் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சல் தாங்காமல் ஆங்கிலேயப் படையை அல்சூர்ப் பக்கம் மாற்றினார்கள். கன்டோன்மென்ட் அப்படித்தான் உருவானது. சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களை நம்பிப் பிழைக்க ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த வணிகர்களும் கொத்தர்களும் தையல்காரர்களும் அங்கே குடியேறினார்கள். உங்கள் வகுப்பில் சில பிள்ளைகளின் முன்னோர் அவர்களில் இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். நான்காம் பக்கத்துக்கு அது சரியாக இருக்கும்.