மறு: ஃபேஷன் ஃபிலிமுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

> 'உடைப்படம்' சுருக்கமா இருக்கே, அதையே வச்சுக்கலாமே?

ஐயா, ஃபேஷன் ஃபிலிம்னா உடையைக் காட்டறதுக்குன்னே எடுக்கற குட்டிப் படம். அதுக்கு 'உடைப்படம்' சுருக்கம்தான், ஆனா தலைப்புல பாத்தா ஏதோ படம் உடைஞ்சு போச்சுன்னுதான் படிப்பாங்க :) 'துகிற்படம்' காதுக்கு நல்லாருக்கு, ஆனா துகில்னதுமே நம்ம ஆளுங்களுக்கு பாஞ்சாலிதான் ஞாபகம் வருவா, வேணாம்.

'நவநாகரிகப் படம்' எனக்கு ஒட்டவே இல்ல. அது போட்டிருக்கற ஆளைப் பத்தின பேச்சு, அதுலயும் லேசா ஒரு கிண்டல் வேற. இந்தப் படங்கள்ல ஆரம்பத்துலேருந்தே ஆளைவிட துணிதான் ஹீரோ. 1890-கள்ல எடிசன் கம்பெனி எடுத்த, அனபெல்ங்கற நடனக்காரியோட பாம்பு நடனம் பாருங்க, கதையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மீட்டர் கணக்குல துணி சுழலுது, ஃபிலிம்மேல கையால பூசின கலர் அதுகூடவே மாறிட்டே போகுது, அவ்ளோதான், ஆனா கண்ணை எடுக்க முடியல. இந்த ஆட்டத்தைப் பிரபலமாக்கின லோயி ஃபுல்லர் துணிக்குள்ள நீளக் குச்சி வச்சு வீசுவாங்க, அந்த உடைக்கு 1894-ல அமெரிக்கால பேட்டன்ட்டே வாங்கிட்டாங்க!

அப்புறம் 'பத்தே'ன்னு (Pathé) ஒரு பிரெஞ்சு சினிமா கம்பெனி பாரிஸ் ஃபேஷனைக் குட்டிக் குட்டி ரீலா எடுத்துது. அதுல கலர் ஏத்தின விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்டென்சில் (கலர் போக வேண்டிய இடத்துல மட்டும் ஓட்டை வெட்டின அச்சு), அதை ஃப்ரேம் ஃப்ரேமா வெட்டணும், விநாடிக்கு சுமார் 16 ஃப்ரேம்னா பாத்துக்கோங்க. வெட்டினவங்க பெரும்பாலும் பொம்பளைங்க. கிட்டத்தட்ட எம்பிராய்டரி வேலை. 1911-ல பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே தன் தோட்டத்துல மாடல்களை நடக்கவிட்டே படம் எடுத்தார்.

அதனால என் ஓட்டு 'ஆடைநயப் படம்'. பத்தே கம்பெனியோட ரீல் மாதிரி சீசனுக்கு என்ன புதுசுன்னு காட்டறதை 'ஆடைச் செய்திப்படம்'னு பிரிச்சுடலாம், 2000-ல ஃபேஷன் போட்டோகிராஃபர் நிக் நைட் ஷோஸ்டூடியோன்னு ஒரு வலைத்தளம் ஆரம்பிச்சு இணையத்துல போட்டதெல்லாம் ஆடைநயத்துல வரும்.

----

> என் ஓட்டு 'ஆடைநயப் படம்'

நயம்னா மளிகைக் கடைல நயம் துவரம்பருப்பு இல்லியா சார்? ஃபேஷன் ஃபிலிம்னே எழுதிட்டுப் போலாமே.

----

கவிதை நயம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே அதுவும் நயம்தானே தம்பி. ஜவுளிக் கடைலயும் நயம் பட்டும்பாங்க, துணியைத் தொட்டுப் பாத்துட்டு சொல்ற சொல் அது, எனக்கு அதுவே போதும். பேச்சுல ஃபேஷன் ஃபிலிம்னே இருக்கட்டும், அகராதிப் பட்டியல்ல ஆடைநயப் படம்னு சேத்துடறேன், மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.