ஏப்ரலில் ஐரோப்பா: விமான டிக்கெட், ஹோட்டல், விசா ஆகியவற்றில் எதை முதலில், எப்போது பதிவு செய்வது?

அல்சூர்வாசி, பெங்களூரு:

வணக்கம். வருகிற ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிய பிறகு, நெதர்லாந்து, பாரிஸ், சுவிட்சர்லாந்து ஆகிய மூன்றையும் இரண்டு வாரங்களில் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். நானும் கணவரும், 13 வயது மகள், 8 வயது மகன், எழுபதை நெருங்கும் என் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். ஆம்ஸ்டர்டாமில் 4 இரவுகள், பாரிஸில் 4 இரவுகள், சுவிட்சர்லாந்தில் 6 இரவுகள் என்பது இப்போதைய திட்டம்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்திருந்த என் நாத்தனார், விமான டிக்கெட்டை இன்றே வாங்காவிட்டால் விலை இரண்டு மடங்காகிவிடும் என்கிறார். கணவரின் அலுவலக நண்பரோ, விசா கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறார். பயண முகவர் ஒருவர் முழுத் தொகையையும் இந்த மாதமே கட்டிவிடும்படி வற்புறுத்துகிறார். டிக்கெட்டும் ஹோட்டல் பதிவும் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, விசா இல்லாமல் டிக்கெட் வாங்குவது ஆபத்து என்ற இந்தச் சுற்றிலிருந்து எப்படி வெளியே வருவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வழிப்போக்கன், ராஜாஜிநகர்:

சகோதரிக்கு வணக்கம். எத்தனை மாதங்களுக்கு முன்பு என்று கேட்பதைவிட, எதை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும், எது திரும்பக் கிடைக்காது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்பது என் கருத்து. திரும்பக் கிடைப்பவற்றை எவ்வளவு முன்னதாகச் செய்தாலும் இழப்பில்லை. திரும்பக் கிடைக்காதவற்றை விசா வந்த பிறகே தொட வேண்டும். விமான டிக்கெட் ஒன்றுதான் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

நீங்கள் செல்லும் மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். தூதரகம் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது பொது விதி, ஆனால் கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் அது 45 நாட்கள் வரை நீளலாம். ஆகவே உங்களுக்கு விண்ணப்பக் காலம் ஏறக்குறைய இப்போதே திறந்துவிட்டது. நம் ஊரில் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது விசா மையத்தின் அப்பாயின்ட்மென்ட்தான். பள்ளிகள் மூடும் மாதங்களை நோக்கி எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதால், ஐந்து பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைப்பது பிப்ரவரி, மார்ச்சில் கடினமாகிவிடும். ஜனவரி இறுதிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் திட்டப்படி அது சுவிட்சர்லாந்து. பிறகு மனம் மாறிப் பாரிஸில் இரண்டு நாட்களைக் கூட்டி, சுவிட்சர்லாந்தில் இரண்டு நாட்களைக் குறைத்தால் விண்ணப்பிக்க வேண்டிய தூதரகமே மாறிவிடும் என்பதால், இரவுகளின் கணக்கை உறுதி செய்த பிறகே அப்பாயின்ட்மென்ட் எடுங்கள்.

ஹோட்டல்களை இந்த வாரமே, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள விலையில் பதிவு செய்துவிடலாம். திரும்பக் கிடைக்காத விலை சற்று மலிவாகத் தெரியும். விசாவுக்கு முன்பு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ரத்து செய்வதற்கான கடைசித் தேதி ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, விசாவுக்குக் கேட்கப்படுவது போக வர இடம் பதிவு செய்ததற்கான சான்றுதான். விசா கிடைக்கும் முன்பு டிக்கெட் வாங்க வேண்டாம் என்று பல தூதரகங்களே அறிவுறுத்துகின்றன. ஆனால் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலிப் பதிவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தூதரகம் சரிபார்க்கும் நாளில் அந்தப் பதிவு இல்லாமற்போனால், ஐந்து பேரின் விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

திரும்பி வராத செலவு எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூனிலிருந்து விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. மகள் பன்னிரண்டைக் கடந்துவிட்டதால் உங்கள் குடும்பத்துக்கு 405 யூரோ ஆகும். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் எதுவும் திரும்ப வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு 70 வயது நிறைவதற்குள் பாலிசி எடுக்க முடியுமா என்று பாருங்கள், அதற்குப் பிறகு பிரீமியம் கணிசமாக உயரும்.

மல்லேசுவரம் நண்பர்:

விமான டிக்கெட் விற்பனைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். விசா வரும்வரை டிக்கெட் வாங்காமல் காத்திருப்பது தனியாகப் பயணிப்பவருக்கு ஏற்ற அறிவுரை. விடுமுறை காலத்தில் ஐந்து பேராகச் செல்லும் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

காரணம் இதுதான். ஒரே எகானமி வகுப்புக்குள் ஒரே மாதிரி இருக்கைகள் பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து விற்கப்படுகின்றன. மலிவான பிரிவில் சில இருக்கைகளே இருக்கும், அவை தீர்ந்ததும் அடுத்த விலைக்குப் போய்விடும். நீங்கள் ஐந்து இருக்கைகளைச் சேர்த்துத் தேடும்போது, மலிவான பிரிவில் மூன்றே இருந்தால், பெரும்பாலும் ஐந்துக்கும் அடுத்த பிரிவின் விலையையே இணையதளம் காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு ஐந்து பேருக்குத் தேடுங்கள். இரண்டு விலைகளும் ஒன்றாக இருக்கும்வரை அவசரமில்லை. ஐவருக்கான விலை உயரத் தொடங்கினால் மலிவான இருக்கைகள் தீர்ந்து வருகின்றன என்று பொருள்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முன்பே விற்பனையைத் திறந்தாலும், திறந்த நாளன்று இருக்கும் விலைதான் மிகக் குறைந்த விலை என்பது உண்மையல்ல. கடைசி நேரத் தள்ளுபடி என்பதும் விடுமுறை காலத்து நீண்டதூர விமானங்களில் நம்பத்தக்கதல்ல, ஏனென்றால் இருக்கைகள் எப்படியும் நிரம்பிவிடும். நவம்பரிலிருந்து விலையைக் கவனித்து வந்து, டிசம்பருக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையே, தேதியை மாற்றவோ குறைந்த பிடித்தத்துடன் ரத்து செய்யவோ அனுமதிக்கும் கட்டணத்தில் வாங்குங்கள். அந்த வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை ஐந்து டிக்கெட்டுகளுக்கான காப்பீடாகவே கருதலாம். அப்போது விசா விண்ணப்பத்திலும் உண்மையான டிக்கெட்டையே வைக்கலாம். ஒருவேளை ரத்து செய்ய நேர்ந்தால், பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பத் தரப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இதைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுபவர்கள் பலர்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கி சூரிக்கிலிருந்து கிளம்பும்படி மல்டி சிட்டி முறையில் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பெங்களூருவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கேஎல்எம்மும், பாரிஸுக்கு ஏர் பிரான்சும் நேரடியாகப் பறக்கின்றன. இரண்டும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை என்பதால், திரும்பும்போது பாரிஸில் விமானம் மாறி வந்தாலும் ஒரே பதிவில் அடங்கும். தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய சிக்கல். பழைய பாஸ்போர்ட்டுகளில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருப்பது வழக்கம். உங்கள் மாமியாருடையது அப்படி இருந்தால், அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும், பிறகு பெயரைத் திருத்துவது எளிதல்ல.

கம்மனஹள்ளி ஆசிரியை:

இருவரும் சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஆனால் வயதானவரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும்போது முதலில் தீர்ந்துபோவது விமான இருக்கை அல்ல, தங்கும் அறைதான். பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஐந்து பேருக்கு ஒரே அறை அரிது. எட்டு வயதுப் பிள்ளையைக் கணக்கில் காட்டாமல் நான்கு பேர் அறையில் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், அங்கே எண்ணிக்கையில் கண்டிப்பாக இருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு அறைகளோ சமையலறையுடன் கூடிய குடியிருப்போ தேட வேண்டியிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் பழைய கட்டடங்களில் படிகள் மிகவும் செங்குத்தானவை, பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மாமியாருக்காக இதை எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேதிகளையும் சற்றுப் பாருங்கள். ஏப்ரல் 27 நெதர்லாந்தில் மன்னர் தினம். அதையொட்டி ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையும் கூட்டமும் மிக அதிகம். 24, 25 தேதிகளுக்குள் அங்கிருந்து கிளம்பிவிடும்படி அமைத்தால் நல்லது. கூக்கன்ஹோஃப் மலர்த்தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைதான் திறந்திருக்கும் என்பதால் உங்கள் மாதம் அதற்குச் சரியாக அமைந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஏப்ரல் மாதத்தில் சில மலைக் கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். எந்த மலைக்குப் போக ஆசைப்படுகிறீர்களோ அதன் இணையதளத்தைப் பார்த்த பிறகே அருகிலுள்ள ஊரில் அறை எடுங்கள்.

சில நுழைவுச் சீட்டுகளை நீங்கள் விரும்பினாலும் முன்கூட்டியே வாங்க இயலாது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரங்களுக்குப் பிந்தைய சீட்டுகளை வெளியிடுவார்கள், அவை விரைவில் தீர்ந்துவிடும். ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் சீட்டு ஏறக்குறைய 60 நாட்களுக்கு முன்பு கிடைக்கும். அதற்குள் விசா வந்திருந்தால் மனநிம்மதியோடு வாங்கலாம் என்பதே ஜனவரியில் விண்ணப்பிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

அல்சூர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்ததும் பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மகனுடையது ஜூலை முதல் வாரத்தில் காலாவதியாகிறது, நாங்கள் திரும்புவது மே முதல் வாரம். இது போதுமா? மேலும் கணவரை அலுவலகத்திலிருந்து பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு அனுப்பக்கூடும். முகவரின் முழுத் தொகுப்பை ஏற்பதா என்பதையும் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:

போதாது, சகோதரி. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் 3 மாதங்களாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படுவதால் இது அடிக்கடி நேர்வதுதான். லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள சேவை மையத்தில் இந்த மாதமே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் ஆய்வில் இருக்கும்வரை பாஸ்போர்ட் தூதரகத்திடமே இருக்கும். ஆகவே கணவருடைய சிங்கப்பூர்ப் பயணம் உறுதியானால், ஜனவரி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. அதற்கேற்ப டிக்கெட்டை டிசம்பரிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

முகவரைப் பொறுத்தவரை, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாட்களில் மீதி திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் விலகிவிடுங்கள். தொகுப்பாக வாங்கினால், விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசிடம் கட்டும் டி.சி.எஸ். வரியும் சேரும். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், பயணத்துக்குக் கையில் இருக்க வேண்டிய பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். நீங்களே பதிவு செய்வதானால் இன்று ஹோட்டல்களில் தொடங்கலாம். மகனின் புதிய பாஸ்போர்ட் எண் கிடைத்ததும் ஐவருக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் எடுங்கள்.